பின்பக்கம் இல்லாத கொடி

டேய், மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்கடா. கதைய இன்னும் தொடங்கவே இல்ல, அதுக்குள்ள நம்பாத மூஞ்சி வெச்சா நான் எங்க போறது. நம்பாதவன் இப்பவே எந்திரிச்சுப் போலாம், போறப்ப அந்த ஃபேன மட்டும் என் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போ. பாலிடெக்னிக்க பாதியில விட்டவன் செடிகொடியப் பத்திப் பேச வந்துட்டான்னு அங்க ஒருத்தன் சிரிக்கிறான் பாரு, நீ முழுசாப் படிச்சவன்தான, உன் மாடித் தொட்டில வெச்ச ரோஜா இன்னிக்கு வரைக்கும் குச்சியாத்தான் நிக்குது, அதுகிட்ட உன் சர்ட்டிபிகேட்டக் காட்டிப் பூக்கச் சொல்லு. மத்தவங்க காதக் குடுங்க.

எங்க ஊர்ல ஒரு கொடி இருக்கு. ரொம்ப நாளைக்கு அதுக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்துச்சு. பின்பக்கம்னு ஒண்ணு கெடையாது.

எங்க ஊரு கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல நெருக்கி உக்காந்திருக்குற ஊரு. கும்பினி ஆளுங்க காலத்துல ஒரு வெள்ளக்கார டாக்டரு இங்க வந்து, நோயாளியப் பாத்த நேரத்தவிட செடியப் பாத்த நேரம் அதிகமா இருந்து, பெரிய தோட்டம் ஒண்ணு போட்டு, அதுல மொளச்ச ஒவ்வொண்ணையும் நம்மாளுங்கள உக்கார வெச்சு வரைய வெச்சாரு. நேத்து வரைக்கும் கோயில் சுவத்துல அம்மனுக்கு ஒட்டியாணம் போட்ட கையி, அன்னிக்குப் பாகல் கொடிக்கு நரம்பு போட்டுச்சு. டாக்டரு செத்தாரு, தோட்டம் உப்பு ஏறிச் செத்துச்சு, படமெல்லாம் பொட்டில ஏறிக் கப்பல்ல போயிடுச்சு. இப்ப அந்தப் படமெல்லாம் போன்லயே திரும்பி வருது. மலை மேல இருக்குற ரிசார்ட்டு, பாண்டிச்சேரி பக்கத்து ஓட்டல், எல்லாருக்கும் அந்தப் பழைய செடிப் படம் வேணும், அச்சடிச்சது வேணாம், கையால வரைஞ்ச காப்பிதான் வேணும். அதப் போட்டுக் குடுக்குறது எங்க ஊரு நெய்னா பாய் பட்டறை. முன்வாசல் மாதா கோயில் தெருவுல, முதுகு உப்புக்காரத் தெருவுல. ஆர்டரு குவிஞ்சு கெடக்கும். பாய்க்கு மூச்சு விட நேரம் இருக்காது, விட்டாலும் படம் பக்கத்துல நின்னு விட மாட்டாரு, பெயிண்ட் காயுற வரைக்கும் வாசலுக்குப் போயி விட்டுட்டு வருவாரு.

அங்க வேலை எப்படின்னா, தடிமனான பருத்தித் தாள டீ டிகாஷன்ல முக்கி எடுத்துக் காய வெச்சு மொதல்ல கெழவனாக்கணும். அப்புறம் அசல்ல எந்த மூலையில கறையோ அந்த மூலையில கறை, எந்த எடத்துல பூச்சி அரிச்சுதோ அந்த எடத்துல பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டை. அதவிட முக்கியமா ஒரு வழக்கம். அந்தக் காலத்துப் படத்துல ஒரே ஒரு இலைக்குத்தான் கலர் இருக்கும், மிச்ச இலையெல்லாம் வெறும் பென்சில் கோடு. ஏன்னு யாருக்கும் தெரியாது. கலர மிச்சம் புடிச்சாங்கன்னு சில பேரு, டாக்டருக்குப் பொறுமை இல்லன்னு சில பேரு. சிலைக்குக் கடைசி வரைக்கும் கண் தொறக்காம வெச்சிருக்குற மாதிரி ஏதோ ஒண்ணுன்னு மாதா கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த சிற்பி ஒருத்தரு சொல்லிட்டுப் போனாரு. பாய்க்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்ல. "அசல்ல இல்லாதது நம்மகிட்டயும் இல்ல." முடிஞ்சுது.

அந்தப் பட்டறைல ஜன்னலோர மேசை ஜெசிந்தா அக்காவோடது. அக்கா கை இருக்கே, அதப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும். பூசணித் தண்டுல இருக்குற சொணை இருக்குல்ல, தொட்டா அரிக்குமே, அத ஒத்தை மயிர் பிரஷ்ல ஒண்ணொண்ணா போடுவாங்க, போட்டு முடிச்ச படத்த மடியில வெச்சுப் பஸ்ல கொண்டுபோன பையனுக்கு ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள தொடை பூரா சொறி. மஞ்சளையும் நீலத்தையும் கலந்தா பச்சைன்னு உனக்கும் எனக்கும் தெரியும். அதுல துளி செவப்பத் தொட்டு அந்தப் பச்சைக்கு வயசு ஏத்துறது அவங்களுக்குத்தான் தெரியும். கொழுந்துக்கு ஒரு பச்சை, கல்யாணமான இலைக்கு ஒரு பச்சை, நாளைக்கு உதிரப் போற இலைக்கு ஒரு பச்சை.

ஆனா பாத்து மட்டும்தான் வரைவாங்க. தெருப் பசங்க வந்து, "அக்கா ஒரு கிளி போட்டுத் தாங்க"ன்னு கேட்டா, "கிளி படம் எங்க, குடு, பாத்துப் போடுறேன்"ம்பாங்க. கிறிஸ்துமசுக்கு வாசல்ல நட்சத்திரம் போடுறதுக்குக்கூட எதுத்த வீட்டுல போட்டு முடிக்கிற வரைக்கும் நின்னு, அப்புறம் அதையே அச்சு அசலா, அவங்க வளைச்ச வளைசல் முதக்கொண்டு போடுவாங்க. நம்ம மனசுலேர்ந்து ஒரு கோடு போட்டா அது யாரோட கோடுன்னு அவங்களுக்கு ஒரு பயம்.

வீட்டுல இன்னொரு பயம். புருஷன் தொம்னிக் அண்ணன் கடலுக்குப் போனவரு. ஒரு புயல்ல படகு கவுந்து, ஒரு பலகையப் புடிச்சுக்கிட்டு ராத்திரியும் பகலுமாக் கெடந்து கரை ஏறுனாரு. ஆளு ஏறிட்டாரு, தரைதான் எறங்கல. அன்னிலேர்ந்து அவருக்கு எல்லாமே ஆடுது. நின்னா தரை ஆடுது, படுத்தா கட்டில் கவுறுது. கண்ண மூடுனா தண்ணி வாய்க்குள்ள வருதுன்னு தூங்குறதே இல்ல. காதுல கோளாறுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க, மாத்திரை குடுத்தாங்க, மாத்திரையும் சேந்து ஆடுச்சு. அவரத் தனியா விட முடியாம அக்கா தெனமும் கூட்டிட்டு வந்து பட்டறை முற்றத்துல உக்கார வெச்சிருவாங்க. வாசல் கேட்டுத் தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா, பாய்மரத்து மேல நின்னு பீடி பத்த வெச்ச ஆளு.

அவரு தூங்காம அக்காவும் தூங்காம இருந்த ஒரு மத்தியானத்துலதான் அது நடந்துச்சு. அன்னிக்கு மேசைல இருந்தது ஒரு கொடி. எங்க ஊர்ல யாரும் பாத்ததில்ல, பேரு எழுதியிருந்த எடம் அரிச்சுப் போயிருந்துச்சு. கத்திரிப்பூ நெறத்துல பூவு, சின்னச் சொம்பு மாதிரி காயி. ஒரு இலைக்குப் பச்சை குடுத்தாச்சு. அக்காவுக்குக் கண்ணு தொறந்தபடியே இருக்கு, ஆளு உள்ள இல்ல, கை மட்டும் நகந்து அடுத்த இலைக்குப் போச்சு, அதுக்கு அடுத்ததுக்குப் போச்சு. பாய் வந்து நிக்குறப்ப ஒரு இலை பாக்கி இல்ல.

"ஜெசிந்தாம்மா, என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க."

"என்ன பாய்?"

"எல்லா இலையும் பச்சையா இருக்கு."

"இலை பச்சையாத்தான பாய் இருக்கும்."

"செடில இருக்கும். நம்ம பட்டறைல இருக்காது."

பருத்தித் தாள் குடிச்ச பச்சைய யாராலயும் வெளிய எடுக்க முடியாது. அக்கா வேற தாள் எடுத்து மறுபடி போட்டாங்க, ஒரே இலைக்குக் கலரு, மத்ததுக்குக் கோடு, அது ஓட்டலுக்குப் போயி இன்னிக்கும் வரவேற்பறைல சமத்தாத் தொங்குது. கெட்டுப் போன தாளக் கிழிக்க பாய்க்கு மனசு வரல. அவ்வளவு அழகு. மொட்டை மாடிக் கொடிக்கயித்துல, முகம் மாதா கோயில் தெருவப் பாக்க, ரெண்டு கிளிப்பப் போட்டுத் தொங்க விட்டுட்டாரு.

காலைல வந்து பாத்தா தாளோட கீழ் விளிம்புலேர்ந்து கொடி எறங்கியிருந்துச்சு. பாய் என்ன பண்ணாரு தெரியுமா, பக்கத்துல காஞ்ச தன்னோட கைலியக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அதுக்கு எடம் விட்டாரு.

அது கைப்பிடிச் சுவத்துல ஏறி, கேபிள் வயரப் புடிச்சு, கரண்ட் கம்பத்துக்கு மரியாதையா ஒரு சுத்து சுத்திட்டு, மாதா கோயில் வரைக்கும் போச்சு. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தத் தாளுதான், அதனால தாள்ல இருந்த மாதிரியேதான் வளந்துச்சு. அந்தக் காலத்துப் படத்துல ஒரு முழுப் பூ இருக்கும், பக்கத்துலயே ரெண்டா வெட்டுன பூ ஒண்ணு இருக்கும், முழுக் காய் ஒண்ணு, குறுக்க அறுத்த காய் ஒண்ணு, கீழ வெதையெல்லாம் வரிசையா எதுலயும் ஒட்டாம நிக்கும். கொடியும் அப்படித்தான் காய்ச்சுது. ஒவ்வொரு கணுவுலயும் ஒரு முழுக் காய், ஒரு அறுத்த காய், அந்தரத்துல வரிசையா வெதை. பூவுக்குப் பக்கத்துல சின்னதா இங்கிலீஷ் எழுத்து வேற. பால்வாடிப் புள்ளைங்க அதப் பாத்தே ஏ, பி, சி கத்துக்குச்சுங்க, டி மட்டும் வராது, படத்துல மூணுதான்.

ஜனங்களுக்கு ஒரு வாரத்துல பழகிப் போச்சு. அரிவாமணையத் தொட வேணாம்னு பொம்பளைங்களுக்குச் சந்தோஷம், அறுத்ததாப் பாத்துப் பறிச்சுப் புளி விட்டுக் கொழம்பு வெச்சாங்க. லேசா டீ வாசம் அடிக்கும், அதுக்குக் கொத்தமல்லி கொஞ்சம் கூடப் போட்டாங்க. மழை பேஞ்சா ஓரத்துல பச்சை கசியும், அந்த நேரம் வெள்ளை வேட்டிக்காரங்க அந்தப் பக்கம் போறதில்ல. ஃபாதரு பூசைல கொடிக்கும் சேத்து ஒரு வரி வேண்டிக்கிட்டாரு. கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வெட்ட வந்த லைன்மேன், கம்பிய இது தொடல, தொடுற மாதிரி வரைஞ்சிருக்குன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு.

இது எல்லாத்தவிடப் பெரிய விசயம் நிழல். படத்துல வெளிச்சம் எப்பவும் இடது பக்கத்துலேர்ந்துதான் வரும், அதான் அந்தக் காலத்து வழக்கம். அதனால சூரியன் எங்க வேணா போகட்டும், கொடியோட நிழல் விழுந்த எடத்துலயே விழுந்து கெடக்கும். காலைலயும் அங்கதான், உச்சி வெயில்லயும் அங்கதான், ஆட்டோ ஸ்டாண்டே நகந்து அதுக்கடியில வந்துடுச்சு.

ஒரு நாள் தொம்னிக் அண்ணன் தூணப் புடிச்சுக்கிட்டு அத ரொம்ப நேரம் பாத்தாரு. தூணோட நிழல் நகருது, ஆட்டோ நிழல் நகருது, போற வர்றவன் நிழலெல்லாம் ஓடுது, அது மட்டும் கெடக்குது. மெதுவா ஒரு கையத் தூணுலேர்ந்து எடுத்தாரு. குனிஞ்சு, சிமெண்ட்டுத் தரையில ஒரு இலையோட நிழல் மேல கைய வெச்சாரு.

"இது ஆடல"ன்னாரு.

ஆட்டோக்கார செந்தூரான் கேட்டான், "எது அண்ணே?"

"இது"ன்னுட்டு அப்படியே சாஞ்சாரு.

ஜன்னல் வழியாப் பாத்த அக்காவுக்குத் தூணு மட்டும்தான் தெரிஞ்சுது, அதப் புடிச்ச கை தெரியல. முடிஞ்சுதுன்னு நெனச்சு ஓடி வந்தாங்க. அண்ணன் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு, வலை இழுக்குற மாதிரி, நல்லா நீளமா. அக்கா அழுவல. உள்ள போயி, கழுவி வெச்சிருந்த பிரஷ்ஷெல்லாம் எடுத்து மறுபடி ஒருக்கக் கழுவுனாங்க. அன்னிலேர்ந்து பாய் அங்க ஒரு கட்டிலப் போட்டாரு, ஆட்டோக்காரங்க ஹாரன் அடிக்கிறத விட்டாங்க, அண்ணன் தெனமும் தூங்குனாரு, தூங்கி எழுந்து ஒருநாள் தனக்குத் தானே சவரம் பண்ணிக்கிட்டாரு.

இதெல்லாம் முன்தெருக் கதை. இப்ப எங்க தெருவுக்கு வாங்க.

உப்புக்காரத் தெருவுலேர்ந்து பாத்தா கொடியே கெடையாது. வெள்ளைத் தாளு. இலை வடிவத்துல, தண்டு வடிவத்துல, வானத்துல அறுத்து ஒட்டுன மாதிரி வெறும் வெள்ளை. மொதல்ல நாங்களும் அனுசரிச்சுதான் போனோம். கல்யாணத்துக்கு அதுல சினிமா போட்டுப் பாத்தோம். எலக்சன் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு கட்சிக்காரங்க ஏணி போட்டு ஏறி, இந்த எடம் எங்களுக்கு ரிசர்வுன்னு ஆளுக்கொரு கொத்து இலைல எழுதிட்டுப் போனாங்க. ஆனா வெயில் ஏற ஏற அந்த வெள்ளை கண்ணக் குத்துச்சு. காயப் போட்ட கருவாடு கருகுச்சு, கோழியெல்லாம் எப்பப் பொழுது சாயுதுன்னு தெரியாம கூட்டுக்கு வரல. பழம் கீழ விழுந்தா ஆசையா எடுத்துக் கடிப்போம், பாதி வரைக்கும் இனிப்பு, அப்புறம் காகிதம்.

சோடாக் கடை கலியமூர்த்திதான் எங்க தெருவுக்கு வாய். பாய்கிட்ட வந்து நின்னாரு, பின்னாடி தெருவே நின்னுச்சு.

"அவங்களுக்குப் பூவு, எங்களுக்குத் தாளா பாய்?"

"ரெண்டு எட்டு சுத்தி வந்தா பாக்கலாமே கலியமூர்த்தி."

"நம்ம வாசல்ல உக்காந்து பாக்குறதும் அடுத்தவன் வாசல்ல நின்னு பாக்குறதும் ஒண்ணா? எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க, என்னங்க உங்க தெரு இன்னும் பெயிண்ட் அடிக்கலயான்னு கேட்டுட்டுப் போறாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இல்லன்னா வெட்டிடுறோம்."

அக்கா ஜன்னல்லேர்ந்து எந்திரிச்சு வந்தாங்க. அவங்க கட்டிலப் பாத்தத எல்லாரும் பாத்தோம். கலியமூர்த்தியும் பாத்தாரு, கொரலக் கொறச்சாரு.

"அக்கா, உங்க மேலயோ அண்ணன் மேலயோ எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா எங்க புள்ளைங்க கண்ணு கூசி அழுவுதுங்க."

பாய் தாடியச் சொறிஞ்சாரு. "தாளுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல, அதான் கொடிக்கும் பின்னாடி ஒண்ணும் இல்ல. தாளோட பின்பக்கத்துல போட்டா வந்துடப் போவுது."

"அப்ப போட்டுக் குடுங்க."

அக்கா கேட்டாங்க, "எதப் பாத்துப் போடுறது?"

பாய் போன எடுத்து, கப்பலேறிப் போன படத்தையெல்லாம் போன்ல அனுப்புற ஆளுக்குச் சொல்லி, அசலோட பின்பக்கத்த எடுத்து அனுப்பச் சொன்னாரு. அவரும் மெனக்கெட்டு எடுத்து அனுப்புனாரு. வெள்ளை. மூலையில ஒரு சீல்.

மூணு நாளா அக்கா மேசைல கை வெக்கல. பயம் ஒண்ணு இல்ல, ரெண்டு. பாக்காம வரையணும்ங்குறது ஒண்ணு. இன்னொண்ண அண்ணன் கட்டில் பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொன்னாங்க. இலையெல்லாம் முழுசானதுனாலதான அது தாள விட்டு எறங்குச்சு, பின்பக்கமும் வந்துட்டா நெசக் கொடியாயிடும், நெசக் கொடி காத்துல அசையும், நெச நிழல் சூரியனுக்கு ஏத்த மாதிரி நகரும்.

அண்ணன் மேல பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு. "போடலன்னா?"

"வெட்டிருவாங்க."

"அப்பப் போடு புள்ள."

"ஆடுனா என்னங்க பண்ணுவீங்க?"

"ஆடுனா எதையாவது புடிச்சுக்குறேன். புடிச்சுப் பழக்கம்தான."

"எனக்குப் பாக்காம வராது."

"அன்னிக்கு எனக்கு மட்டும் கரை தெரிஞ்சுதா? இந்தப் பக்கம்தான் இருக்கும்னு நானா ஒரு கரைய வெச்சுக்கிட்டுதான் கால அடிச்சேன்."

"அங்க கரை இருந்துச்சா?"

"இல்ல. வேற பக்கம் இருந்துச்சு. ஆனா அடிக்காம கெடந்தா அதுவும் இல்ல."

ஞாயித்துக்கெழம காலைப் பூசை முடிஞ்ச கையோட அக்கா மாடி ஏறுனாங்க. தாள அவுக்கல, தொங்குறபடியே ஒரு பலகைய அண்டக் குடுத்து, பின்பக்கமா ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. எங்க தெரு மொத்தமும் அவங்கவங்க மாடில நாற்காலி போட்டு உக்காந்துச்சு, எடம் இல்லாதவனெல்லாம், என்னையும் சேத்து, பாய் மாடிலயே ஏறி நின்னான். ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருத்தரு மல்லி போடச் சொன்னாரு, ஒருத்தரு தக்காளி போட்டா உபயோகம்னாரு, ஒரு அம்மா, பின்னாடியும் பூவே போட்டுடு தாயி, ஆனா அவங்கதவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்னாங்க. அக்கா எதையும் காதுல வாங்கல. கண்ண மூடிட்டு இருந்தாங்க, கையி மட்டும் மடில எதையோ திருப்புற மாதிரி திருப்பிக்கிட்டே இருந்துச்சு. என்னன்னு எங்களுக்கு அப்பப் புரியல, அப்புறம்தான் புரிஞ்சுது. அவங்க வெத்தலை திருப்பிக்கிட்டு இருந்தாங்க. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறது பின்பக்கத்துலதான. கறிவேப்பிலை உருவுறப்ப வெள்ளை முட்டை இருக்கான்னு பாக்குறதும் பின்பக்கம்தான். முருங்கைக்கீரை ஆய்றப்ப, வாழை இலைய மடிக்கிறப்ப, அந்தத் தடிச்ச நரம்பு உள்ளங்கைல அழுத்துறது பின்பக்கம்தான். இத்தன வருசமா எந்தப் படத்துலயும் இல்லாத பின்பக்கம் பூரா அவங்க கைலயே இருந்திருக்கு, யாரும் கேக்கல, அவங்களும் பாக்கல.

கண்ணத் தொறந்து மொதல்ல எல்லா இலைக்கும் பென்சில் கோடு போட்டு எடுத்தாங்க. அப்புறம் பச்சையக் கலந்தாங்க. அது அதுவரைக்கும் பட்டறைல யாரும் பாக்காத பச்சை, வெளுத்த, பொடி பூசுன, வெயில் படாத பச்சை. முதல் நரம்பு விழுந்துச்சு, எங்க தலைக்கு மேல வெள்ளைக்குள்ள அந்த நரம்பு தடிச்சு எழும்புச்சு. அடுத்தது, அதுக்கடுத்தது, கிளைக்குக் கிளை, கேபிள் வயரு நெடுக, இந்த மாடிலேர்ந்து அந்த மாடி வரைக்கும், வெள்ளை போன எடமெல்லாம் வெளிறுன பச்சை வந்து கண்ணுக்குக் குளுமை குடுத்துச்சு. அசல்ல எங்கயும் இல்லாததெல்லாம் போட்டாங்க. நத்தை போன தடம் போட்டாங்க, புழு கடிச்ச ஓரம் போட்டாங்க, இலைய மடிச்சுத் தச்ச சிலந்தி, ஒட்டிக்கிட்ட முட்டை, காக்கா எச்சம், வரிசையாப் போற எறும்பு. ரிசர்வுன்னு எழுதியிருந்த எழுத்து மேல ஒரு கம்பளிப்பூச்சி நிம்மதியா ஊந்து போச்சு. மல்லி கேட்டவரும் தக்காளி கேட்டவரும் நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னாங்க. கலியமூர்த்தி கைல இருந்த சோடாவுல கேஸெல்லாம் போயிடுச்சு, குடிக்க மறந்துட்டாரு. நடுவுல ஒருக்கா அக்கா தண்ணி குடிக்கக் கீழ எறங்குனாங்க, கூட்டமே மூச்சு விட்டுக்கிச்சு. திரும்ப வந்து உக்காந்தாங்க, கூட்டம் மூச்ச மறுபடி புடிச்சுக்கிச்சு.

அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. கொடி வந்த நாள்லேர்ந்து கடக்காத்துக்கு அசையாத இலையெல்லாம் மொத தடவையா சலசலன்னுச்சு. எங்க தெருவுல கை தட்டுனாங்க. முன்தெருவுலேர்ந்து செந்தூரான் மேல பாத்துக் கத்துனான்.

"அக்கா, நிழல் ஆடுது."

அக்கா கைல பிரஷ்ஷு பச்சையில தோஞ்சு நின்னுச்சு. தாள்ல இன்னும் ஒரே ஒரு இலைதான் கோடா இருந்துச்சு. எட்டிக் கீழ பாத்தாங்க. கட்டில்ல அண்ணன் முழிச்சுட்டாரு, நிழலு அவரு மேல அலையலையாப் போகுது, ரெண்டு கையும் கட்டில் சட்டத்த இறுக்கிப் புடிச்சிருக்கு, ஆனா கூப்புடல, மேல பாத்துத் தலைய மட்டும் ஆட்டுனாரு, போடுன்னு.

அக்கா பிரஷ்ஷத் தண்ணில விட்டாங்க.

பாய் பக்கத்துலயே நின்னவரு, வாழ்நாள் பூரா காப்பிய அசலோட ஒத்துப் பாத்தவரு, குனிஞ்சு பாத்துட்டுச் சொன்னாரு, "ஒண்ணு பாக்கி இருக்கேம்மா."

"இருக்கட்டும் பாய். அசல்ல அப்படித்தான்."

"எந்த அசல்ல?"

"இதுதான் பாய் அசல்."

பாய் மூக்குக் கண்ணாடியக் கழட்டி ரொம்ப நேரம் தொடச்சாரு. மூச்சு விட வாசலுக்குப் போக மறந்துட்டு அங்கயே விட்டாரு.

அந்த ஒரு இலை இன்னிக்கும் கோடுதான். கொடி காத்துக்கு ஆடுது, பூவு பூத்து உதிருது, காயி முழுசாத்தான் காய்க்குது, முன்தெருப் பொம்பளைங்க அரிவாமணையத் திரும்ப எடுத்துக்கிட்டு எங்க தெருவ ஏசுறாங்க, ஆட்டோக்காரங்க நிழலு பின்னாடியே நாளெல்லாம் வண்டியத் தள்ளுறாங்க. அத்தன ஆட்டத்துக்கு நடுவுல தரையில அந்த இலையோட உள்ளங்கை அளவு நிழல் மட்டும் நகராது. கட்டில அதுக்குப் பக்கத்துல ஒட்டிப் போட்டிருக்காங்க. தொம்னிக் அண்ணன் படுத்துக்கிட்டுக் கையத் தொங்க விட்டு அது மேல வெச்சாருன்னா, உலகமே கவுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு. சாயங்காலம் ஜெசிந்தா அக்கா வந்து தட்டணும். அக்கா இப்ப பசங்க கிளி கேட்டா படம் கேக்குறதில்ல. அவங்க போடுற கிளி கொஞ்சம் கோழி மாதிரி இருக்கும், அத யாரும் சொல்றதில்ல.

ஒரே ஒரு விசயம் மட்டும் ஊர்ல இன்னும் தீரல. மத்தியானமானா எங்க தெருப் பக்கம் இலைலேர்ந்து ஒரு எறும்பு எறங்கி வரும், ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு, வட்டமாத்தான் போகும். அதுக்கு ஏழு காலு. காலேஜ்லேர்ந்து வந்து படம் புடிச்சுட்டுப் போனாங்க. படைப்போட ரகசியம்னு ஃபாதரு சொல்றாரு. ஏழுன்னா ஏதோ கணக்கு இருக்குன்னு கலியமூர்த்தி அதுக்குத் தெனமும் சக்கரை வெக்குறாரு. அக்காகிட்ட கேட்டா, நான் போட்ட மாதிரி ஞாபகம் இல்லையேன்னு தன் கையவே திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க.

அது நான் போட்டது. அக்கா தண்ணி குடிக்கக் கீழ எறங்குனாங்கல்ல, பிரஷ்ஷு சும்மா கெடந்துச்சு, மூலையில எடம் இருந்துச்சு. ரகசியமும் இல்ல, கணக்கும் இல்ல. எத்தன காலுன்னு எனக்குத் தெரியாது.